முட்டத்து மாப்பிள்ளைக்கு எட்டுச் சக்கர வண்டி

தடிக்காரன்கோணம்
9 மார்ச் 2025

கர்த்தருக்குள் மகள் பெபிஷாவுக்கு அப்பா யேசுரத்தினம் எழுதுவது.

உன்னோடு இனிமேல் போனில் பேச மாட்டேன் என்று கிறிஸ்துமஸ் அன்று சொன்னேன். அந்தச் சொல்லில் இப்போதும் நிற்கிறேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். இதை உன் அக்காள் ராகேல் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். நீயும் எழுதியே அனுப்பு, அவள் எனக்குப் படித்துக் காட்டுவாள். போனைக் காதில் வைத்துக்கொண்டு "அப்பா, அப்பா" என்று அழுகிற வேலையெல்லாம் வேண்டாம்.

முட்டத்துப் பையனைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாய். அவன் கத்தோலிக்கன், நாம் சி.எஸ்.ஐ. அவன் கடற்கரை, நாம் மலையடிவாரம். நம் குடும்பத்தில் இப்படி ஒன்று நடந்ததே இல்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டேன், நீ கேட்கப் போவதில்லை. நர்ஸ் வேலைக்கு உன்னைக் கனடாவுக்கு அனுப்பியதே நான்தான். இப்போது யாரை நொந்து என்ன?

ஆனால் என் மகளை வெறுங்கையோடு அனுப்பினேன் என்று ஒருத்தனும் சொல்லக் கூடாது. நம் பக்கத்தில் பெண்ணைக் கொடுக்கிறவன் மாப்பிள்ளைக்கு வண்டி கொடுப்பான், எந்த வண்டி என்பதை மாப்பிள்ளை வீட்டார் சொல்வார்கள். உன் அக்காளுக்கு நடந்ததை மறந்திருக்க மாட்டாய். அவள் புருஷன் எட்சன் பெரிய ஜீப்பாகக் கேட்டான். நான் ஆயுசு முழுக்கக் கீரிப்பாறை ரூட்டில் அரசு பஸ் ஓட்டியவன், எனக்குத் தெரியாத வண்டியா என்ற நினைப்பில், குலசேகரத்து ரோட்டுக்குச் சின்னக் கார் போதும் என்று வாங்கிக் கொடுத்தேன். "சோப்பு டப்பாவிலதான வந்தா" என்று அவன் அம்மா சொல்லிச் சொல்லியே ராகேலின் வாழ்க்கை கெட்டது. ரெண்டு வருஷமாக என் வீட்டில் இருக்கிறாள். எல்லாம் நான் வண்டியில் கை சுருக்கியதால் வந்தது. உன் காரியத்தில் அப்படி நடக்க விட மாட்டேன்.

உன் ததேயுஸ் அங்கே வேட்டைக்கு வருகிறவர்களுக்கு வழிகாட்டியாகப் போகிறான் என்று ராகேல் சொன்னாள். காடும் சதுப்பும் ஏரியுமான இடமாம். யூடியூபில் பார்த்தேன், தரையிலும் ஓடித் தண்ணீரிலும் மிதக்கிற வண்டி ஒன்று இருக்கிறது. ஆறு சக்கரம், எட்டுச் சக்கரம் என்று ரெண்டு தினுசு. அவனுக்கு எது வேண்டும் என்று கேட்டு எழுது.

இப்படிக்கு
யேசுரத்தினம்


வட ஒண்டாரியோ
14 மார்ச் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நின்று படித்தேன். அப்பாவுக்குக் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துத்தான் படிக்கத் தொடங்கினேன். பாதிக்கு மேல் வந்ததும் இது வண்டி விசாரிக்கிற கடிதம் என்று புரிந்தது.

வண்டி வேண்டாம் அப்பா. ததேயுஸ் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார். அவருடைய அம்மா லீமா மாமியும் கேட்கவில்லை. கேட்பது நான் மட்டும்தான், அதுவும் ஒன்றே ஒன்று. வருகிற ஜனவரியில் முட்டம் கோவிலில் கல்யாணம். வாசலிலிருந்து பீடம் வரைக்கும் நீங்கள் என் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போக வேண்டும். அம்மாவும் இல்லை. நீங்களும் வராவிட்டால் நான் யார் கையைப் பிடித்து நடப்பேன்?

அக்காவைப் பற்றி நீங்கள் எழுதியது எனக்குத் தாங்கவில்லை. கார் சின்னதாக இருந்ததால் அடித்தார்கள் என்றா நம்புகிறீர்கள்? ஜீப் கொடுத்திருந்தால் ஜீப்பின் நிறம் சரியில்லை என்று அடித்திருப்பார்கள்.

ததேயுஸின் வேலையைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். இங்கே மூஸ் என்று ஒரு மிருகம் உண்டு. நம் மலையில் திரிகிற மிளா மானைப் போல இருக்கும், ஆனால் எருமையை விடப் பெரியது. இலையுதிர் காலத்தில் அதை வேட்டையாட உரிமம் வாங்கிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். அவர்களைக் காட்டுக்குள் கொண்டு போவதும், சுட்ட மிருகத்தைத் துண்டாக்கி வெளியே கொண்டு வருவதும் இவர் வேலை. ரோடு கிடையாது. பார்த்தால் புல்தரை போலத் தெரியும், காலை வைத்தால் இடுப்பு வரை இறங்கும். இப்போது முகாம்காரரின் பழைய ஆறு சக்கர வண்டியை ஓட்டுகிறார். செப்டம்பரில் தனியாகத் தொழில் தொடங்க வேண்டும் என்று ஆசை. அப்போது வண்டியை நாங்களே வாங்கிக்கொள்வோம்.

நீங்கள் வருவீர்கள்தானே அப்பா?

பெபிஷா


தடிக்காரன்கோணம்
23 மார்ச் 2025

மகள் பெபிஷாவுக்கு,

வேண்டாம் என்று சொல்கிறவனை நான் நம்புவதில்லை. எட்சன் வீட்டாரும் பெண் பார்க்க வந்த அன்றைக்கு "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம், பிள்ளையைத் தந்தாப் போதும்" என்றுதான் சொன்னார்கள். நிச்சயம் முடிந்த பிறகு கேட்டார்கள். உன் ஆள் இன்னும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இது என் கடைசி வார்த்தை. நான் கொடுக்கிற வண்டியை வாங்கிக்கொள்கிறவனுக்குத்தான் மகளைக் கைபிடித்துக் கொடுப்பேன். வாங்க மாட்டேன் என்கிறவன் என்னை மாமனாராக மதிக்கவில்லை என்று அர்த்தம். மதிக்காத இடத்தில் நான் கோட்டு போட்டுக்கொண்டு வந்து என்ன செய்ய?

நீ எழுதியதைக் கேட்டுவிட்டு மறுபடியும் யூடியூபில் பார்த்தேன். அந்த வண்டிக்கு முன் சக்கரமே திரும்பவில்லை. ஒரு பக்கத்துச் சக்கரங்களை நிறுத்தி மறு பக்கத்தைச் சுற்ற விட்டுத் திருப்புகிறான். இது என்ன கோட்டிக்காரத்தனம் என்றுதான் முதலில் தோன்றியது. திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒரு ஏரிக் கரையில் சரிந்து இறங்கி, நிற்காமல் அப்படியே மிதந்து போனது. கொள்ளாம், நல்ல வண்டிதான். உங்கள் சதுப்பு எவ்வளவு ஆழம், அடியில் பாறையா களிமண்ணா, ஏரியில் அலை உண்டா என்று அவனிடம் கேட்டு எழுது.

இதைப் படம் பிடிக்கச் சொன்னால் ராகேல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். "அவ உங்க கையைத்தானப்பா கேக்கா, அதுக்கு என்னத்துக்கு வண்டி?" என்கிறாள். வாழாவெட்டியாக வந்து உட்கார்ந்திருக்கிறவளுக்கு இந்தப் பேச்சு எதற்கு.

யேசுரத்தினம்


வட ஒண்டாரியோ
6 ஏப்ரல் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

வாழாவெட்டி என்று நீங்கள் எழுதிய வரியை அக்காவே படம் பிடித்து எனக்கு அனுப்பினாள். ஒரு எழுத்துக்கூட மங்கவில்லை. அதை நீங்கள் யோசித்தீர்களா? இனி அவளைப் பற்றி அப்படி எழுதினால் நான் பதில் போட மாட்டேன்.

உங்கள் கடைசி வார்த்தையை ததேயுஸிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார். "மாமாவுக்கு வண்டி தெரியும். அவரே தேர்ந்தெடுக்கட்டும், நாம வாங்குவோம். வண்டி யாரு தந்ததுன்னு ஆரு கேட்டாலும் மாமா தேர்ந்தெடுத்துத் தந்ததுன்னு சொல்லுகேன். அது பொய்யில்லியே" என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது. பணம் எங்களுடையது, முடிவு உங்களுடையது. இதற்கு மேல் இறங்கி வர எங்களுக்குத் தெரியவில்லை.

நீங்கள் கேட்டவற்றுக்கு அவர் சொன்ன பதில். சதுப்பு சில இடத்தில் முழங்கால், சில இடத்தில் ஆளே மறையும். அடியில் களிமண் இல்லை, பாறை இல்லை, அழுகிய பாசிதான், மிதிக்க மிதிக்க இறங்கும். பீவர் என்ற பிராணி மரத்தைக் கடித்துப் போட்டு ஓடையை அடைத்து வைத்திருக்கும், அந்தக் கட்டைகள் மேல் ஏறி இறங்க வேண்டும். ஏரியில் மத்தியானத்துக்குப் பிறகு காற்று எழும்பினால் அலை உண்டு. திரும்பி வரும்போது ரெண்டு ஆளும், மூஸ் இறைச்சியும், கொம்பும் இருக்கும். அக்டோபரில் காலையில் எஞ்சின் உறைந்து கிடக்கும், ஒரே முறையில் கிளம்ப வேண்டும்.

எனக்கு ஞாபகம் இருக்கிறது அப்பா, மழைக்காலத்தில் கீரிப்பாறை ஏற்றத்தில் மண் சரிந்தால் நீங்கள் பஸ்ஸை நிறுத்தி இறங்கிப்போய் ரோட்டைக் காலால் மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பீர்கள். இந்த ரோட்டையும் அப்படிப் பார்த்துச் சொல்லுங்கள்.

பெபிஷா


தடிக்காரன்கோணம்
4 மே 2025

பாசமுள்ள மகள் பெபிஷாவுக்கு,

முடிவு பண்ணிவிட்டேன். எட்டுச் சக்கரம்.

ஆறு சக்கர வண்டி இலகுவானது, சட்டென்று திரும்பும், இடுக்கிலே நுழையும், அதெல்லாம் சரி. ஆனால் நீ சொன்ன அந்தக் கட்டைகள் மேல் ஏறும்போது பார், நடுச் சக்கரம் கட்டையில் உட்கார்ந்ததும் வண்டி மூக்கைக் குத்தும். எட்டுச் சக்கரத்தில் எப்போதும் நாலைந்தாவது தரையைப் பிடித்துக்கொண்டிருக்கும். பாரமும் பரந்து விழும், பாசியில் இறங்காது. இறைச்சியைப் பின்னால் ஏற்றினால் ஆறு சக்கரம் குதிங்காலில் நிற்கிற மாதிரி நிற்கும், இது சமமாக நிற்கும். கார்புரேட்டர் வைத்தது வேண்டவே வேண்டாம், பெட்ரோலை எஞ்சினுக்குள் பீய்ச்சுகிற புது மாதிரிதான் குளிரில் கிளம்பும். முன்னால் வின்ச் கட்டாயம், மாட்டிக்கொண்டால் மரத்தில் கம்பியைக் கட்டித் தன்னையே இழுத்துக்கொள்ளும். சக்கரங்களுக்கு மேல் ரப்பர் பெல்ட் போட்டு டாங்கி மாதிரி ஓட்டுகிறான் ஒருத்தன். அதையும் போட்டுவிட வேண்டும், சேறு என்ற பேச்சே இருக்காது. முன்னால் ரெண்டு பேர், பின்னால் பெஞ்சில் நாலு பேர். நாளைக்குப் பிள்ளைகள் வருமே.

பணம் எங்களுடையது என்று எழுதியிருக்கிறாய். அடுத்தவன் காசுக்கு வண்டி பார்த்துச் சொல்கிறவனுக்குத் தரகன் என்று பேர், அப்பா என்று பேர் இல்லை. உனக்கென்று பேங்கில் போட்டு வைத்தது அப்படியே கிடக்கிறது. அதில்தான் வாங்க வேண்டும். இதில் நான் இறங்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சபைச் செயலர் ஞானதாசனிடம் படத்தைக் காட்டினேன். "இது வள்ளமா வண்டியா வே?" என்றார். என் இளைய மருமகனுக்கு நான் கொடுக்கப் போகிற வண்டி என்றேன். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் போனை வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். நீ முட்டத்தில் கட்டிக்கொள்வதைப் பற்றி அன்றைக்கு ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்னொன்று. புதன்கிழமை எட்சன் வந்தான். ரெண்டு வருஷம் கழித்து இப்போதுதான் என் வாசல் ஏறுகிறான். அவனும் வண்டியைப் பற்றிக் கேள்விப்பட்டானாம். படத்தைப் பார்த்து, "கொள்ளாம் மாமா, சின்னவளுக்கு நல்லாச் செய்யுகியோ" என்றான். சாயா குடித்துவிட்டுப் போனான். மரியாதையாகத்தான் பேசினான். ராகேல் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை.

அப்பா


வட ஒண்டாரியோ
18 மே 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

முதலில் எட்சன். அவன் எதற்கு வந்தான்? அவனை ஏன் உள்ளே விட்டீர்கள்? ராகேல் உங்கள் கடிதத்தை அனுப்பும்போது கூடவே ஒரு வார்த்தையும் எழுதவில்லை, எப்போதும் ஏதாவது எழுதுவாள். அவன் மறுபடி வந்தால் வாசலிலேயே பேசி அனுப்புங்கள். அக்கா அவனிடம் போக மாட்டாள். அதை அவள் உங்களிடம் சொல்லியிருக்கிறாள், நானும் சொல்லியிருக்கிறேன்.

வண்டிக்கு வருகிறேன். உங்கள் எட்டுச் சக்கரத்தை ததேயுஸ் ஒத்துக்கொண்டார். நீங்கள் சொன்ன காரணங்களைப் படித்துவிட்டு, "மாமா இந்த ஊருக்கு வராமலே இந்தக் காட்டைப் பாத்திருக்காரு" என்றார். உண்மையாகவே சொன்னார். பெல்ட் மட்டும் வேண்டாம் என்கிறார். சேற்றுக்கு அது நல்லதுதான், ஆனால் பெரிய கனம். பெல்ட்டும் வின்ச்சும் ஆட்களும் இறைச்சியுமாக ஏரியில் இறங்கினால் வண்டியின் விளிம்பு தண்ணீருக்கு மேல் ஒரு சாண்தான் நிற்குமாம். காற்று எழும்பினால் அலை உள்ளே வந்துவிடும். கடலில் வளர்ந்தவர், இதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார்.

உங்கள் பணத்தில் வேண்டாம் அப்பா. இதையும் அவர் விட்டுக்கொடுக்க மாட்டார், நானும் மாட்டேன். வண்டி வாங்கித்தான் மகளைக் கொடுக்க முடியும் என்றால், அந்த வண்டியில் ஏறுகிற ஒவ்வொரு முறையும் அக்காவின் ஞாபகம் எனக்கு வரும். நீங்கள் தேர்ந்தெடுத்ததைத்தான் வாங்கப் போகிறோம். அதை உங்கள் சீதனமாக நான் எடுத்துக்கொள்கிறேன். அதோடு போதும் என்று சொல்லுங்கள்.

பெபிஷா


தடிக்காரன்கோணம்
29 ஜூன் 2025

பெபிஷாவுக்கு,

இது தபாலில் வரும். படம் பிடித்து அனுப்ப ராகேல் இங்கே இல்லை. புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

பதறாதே, முழுக்கப் படி. எட்சன் அதற்குப் பிறகும் பல தடவை வந்தான். பழசையெல்லாம் மறந்துவிடுவோம் மாமா என்றான். "சின்னவளுக்கு எட்டுச் சக்கரம், எனக்கு மட்டும் சோப்பு டப்பாவா? எனக்கும் மனசுண்டு பாருங்க" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நீங்கள் ரெண்டு பேரும் என் கையால் வாங்க மாட்டோம் என்று எழுதிவிட்டீர்கள். வாங்கிக்கொள்கிறவன் வாசலில் வந்து நின்றான். அவன் அன்றைக்கே கேட்ட மாதிரி ஜீப் எடுத்துக் கொடுத்துவிட்டேன். வண்டியை அவனையே பார்க்கச் சொன்னேன், அவன் காட்டியதை எடுத்தேன். இந்தத் தடவை நான் குறுக்கே பேசவில்லை.

போதகரைக் கூப்பிட்டு வண்டிக்கு ஜெபம் பண்ணித்தான் அனுப்பினேன். எட்சனின் அம்மா முன்னால் ஏறிக்கொண்டாள், ராகேல் பையோடு பின்னால் உட்கார்ந்தாள். அழுதாள்தான். போகிற அன்றைக்கு எந்தப் பெண் அழவில்லை? இங்கே பார்த்துவந்த பள்ளிக்கூட வேலையை விட்டுவிடச் சொல்லியிருக்கிறார்கள், குலசேகரத்திலிருந்து வந்து போக முடியாதல்லவா.

நீ எத்தனையோ தடவை போன் பண்ணினாய். நான் எடுக்கவில்லை, சொன்ன சொல் சொன்னதுதான். அந்த லீமாவும் ஒரு நாள் வந்து ராகேல் எங்கே என்று விசாரித்தாள். சுகமாக இருக்கிறாள் என்று சொல்லி வாசலோடு அனுப்பிவிட்டேன். நம் வீட்டு விஷயம் முட்டத்துக்கு எதற்கு?

இப்போது ரெண்டு மகள்களும் ஒழுங்காக இருக்கிறீர்கள் என்று நிம்மதியாகத் தூங்குகிறேன். உன் கல்யாணத்துக்கும் வருகிறேன், கைபிடித்து நடத்துகிறேன். போதுமா?

அப்பா


வட ஒண்டாரியோ
20 ஜூலை 2025

அப்பா,

அக்காவின் போன் ஜூன் மாதத்திலிருந்து அணைந்தே கிடக்கிறது. ஏன் என்று முந்தாநாள் உங்கள் தபால் வந்த பிறகுதான் தெரிந்தது. நான் இங்கே கிடந்து தவித்தேன், நீங்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு போனை எடுக்காமல் இருந்தீர்கள்.

ஒன்றைத் தெளிவாக எழுதுகிறேன். அக்கா கை ஒடிந்து வந்தாளே, கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன் என்று எல்லாரிடமும் சொன்னாளே, அவள் வழுக்கி விழவில்லை. எட்சன் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினான். இது உங்களுக்குத் தெரியாது என்று சொல்லாதீர்கள். எக்ஸ்ரே எடுக்கும்போது நான் பக்கத்தில் நின்றேன், டாக்டர் உங்களிடம் சொன்னதை நானும் கேட்டேன். நீங்கள் அவரிடம் "கிணத்தடின்னே எழுதுங்க" என்றீர்கள்.

எல்லாம் தெரிந்த நீங்கள்தான் அவனுக்கு ஜீப் வாங்கிக் கொடுத்து, ஜெபம் பண்ணி, அக்காவைப் பின்னால் ஏற்றி அனுப்பியிருக்கிறீர்கள். என் மேல் இருந்த ரோஷத்தை அவள் தலையில் இறக்கிவிட்டீர்கள். நாங்கள் உங்கள் பணத்தை வாங்கியிருந்தால் அவள் இன்றைக்கு வீட்டில் இருந்திருப்பாளோ என்று ராத்திரி முழுக்க யோசிக்கிறேன். அப்படி யோசிக்க வைத்ததற்கே உங்களை மன்னிக்க முடியவில்லை.

இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் குலசேகரத்துக்குப் போங்கள். அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அதுவரைக்கும் கையைப் பிடிக்கிற பேச்சு வேண்டாம்.

பெபிஷா


தடிக்காரன்கோணம்
17 ஆகஸ்ட் 2025

பெபிஷாவுக்கு,

போனேன். முன் அறையில் உட்கார வைத்தார்கள். எட்சனும் அவன் அம்மாவும் கூடவே இருந்தார்கள். ராகேல் வந்து நின்றாள், மெலிந்திருந்தாள். சுகம்தானா மக்களே என்று கேட்டேன். "சுகம்தாம்பா" என்றாள். எட்சன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள், அதையும் பார்த்தேன். அதற்கு மேல் நான் என்ன செய்ய? புருஷன் வீட்டில் இருக்கிறவள் சுகம் என்று சொல்லும்போது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டா வர முடியும்? சபையில் நான் என்ன பதில் சொல்வேன்? கொஞ்ச நாள் போகட்டும், எல்லாம் பழகிவிடும்.

ஆஸ்பத்திரி விஷயத்தை எழுதியிருக்கிறாய். போலீசு கேசு என்று போனால் யாருக்கு அசிங்கம் என்று யோசித்தேன். அவளுக்காகத்தான் யோசித்தேன்.

அங்கே வேட்டைக் காலம் வரப் போகிறதே, வண்டி எடுத்துவிட்டீர்களா? பெல்ட் விஷயத்தில் அவன் சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை. எதற்கும் வின்ச்சை முன்னால் வைக்காமல் நடுவில் வைக்க வழி உண்டா என்று பார்க்கச் சொல்.

அப்பா


வட ஒண்டாரியோ
12 அக்டோபர் 2025

அப்பா,

ராகேல் முட்டத்தில் இருக்கிறாள். லீமா மாமி வீட்டில் இருக்கிறாள். எட்சன் வீட்டார் உங்களிடம் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது, அதனால் நான் சொல்கிறேன்.

கல்யாணத்துக்கு அழைக்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு மாமி குலசேகரத்துக்குப் போனார். உங்களைப் போலவே முன் அறையில்தான் உட்கார வைத்தார்கள். மாமி அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "முட்டத்தில கோவிலுக்குத் தெக்க மூணாவது வீடு, கதவு சாத்தமாட்டேன், எப்ப வேணும்னாலும் வா மக்கா" என்று காதில் சொல்லிவிட்டு வந்தார். அடுத்த வாரமே அக்கா மாற்றுத் துணிகூட எடுக்காமல் இறங்கித் தக்கலைக்குப் பஸ் பிடித்து, அங்கிருந்து திங்கள்சந்தைக்கு மாறி, முட்டம் போய்ச் சேர்ந்தாள். காது ஓரத்தில் தையல் போட வேண்டியிருந்தது. மாமிதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். இந்தத் தடவை நடந்ததை நடந்த மாதிரியே எழுத வைத்தார். போலீஸ் ஸ்டேஷனுக்கும் போயாயிற்று.

குலசேகரத்திலிருந்து நம் வீடு எவ்வளவு பக்கம். அங்கே போகாமல் ஏன் முட்டம் வரை போனாய் என்று அவளிடம் கேட்டேன். "அங்க போனா அப்பா இன்னொரு வண்டி வாங்கிக் குடுத்து அனுப்பிருவாரு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது, குடை எடுத்துக்கொள் என்பதைப் போலச் சொன்னாள். நான் போனை வைத்துவிட்டு அழுதேன்.

வண்டி வாங்கிவிட்டோம். எட்டுச் சக்கரம்தான், பெல்ட் இல்லை. நீங்கள் சொன்ன எல்லாமே சரியாக இருக்கிறது. கட்டை மேல் ஏறுகிறது, பாசியில் இறங்கவில்லை, உறைந்த காலையிலும் ஒரே முறையில் கிளம்புகிறது. வேட்டைக்கு வந்தவர்கள் நல்ல வண்டி என்கிறார்கள். இதை எழுதும்போது எனக்குக் கசக்கிறது. வண்டியை இவ்வளவு சரியாகப் பார்க்கத் தெரிந்த உங்களுக்கு, முன்னால் வந்து நின்ற மகளைப் பார்க்கத் தெரியவில்லை.

ஜனவரியில் கல்யாணம் நடக்கும். அக்கா என் கையைப் பிடித்து நடத்துவாள். பங்குத் தந்தையிடம் கேட்டுவிட்டோம். நீங்கள் நடத்த வேண்டாம்.

பெபிஷா


தடிக்காரன்கோணம்
16 நவம்பர் 2025

மகள் பெபிஷாவுக்கு,

உன் கடிதம் வந்து பல நாள் ஆயிற்று. நேற்று முட்டத்துக்குப் போனேன்.

கோவிலுக்குத் தெற்கே மூன்றாவது வீடு. கதவு திறந்துதான் கிடந்தது. முற்றத்தில் ராகேல் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையில் இருந்த துணியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. என் பிள்ளை என்னைக் கண்டு ஓடுகிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

லீமா வெளியே வந்தார்கள். ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லவில்லை. "இரியுங்க அண்ணா" என்று நாற்காலி போட்டார்கள். பிறகு அந்த அறை வாசலில் போய்க் கதவைத் தட்டி, "பயப்படாத மக்கா. அப்பா வண்டியொண்ணும் கொண்டு வரல்ல, பஸ்ஸிலதான் வந்திருக்காரு. கூட ஆரும் இல்ல" என்று சொன்னார்கள். பிள்ளைக்கு நான் வந்ததை இப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கதவு திறக்கவில்லை. சாயா குடித்தேன். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, ராகேல், நான் உன்னைக் கூட்டிக்கொண்டு போக வரவில்லை, பார்க்கத்தான் வந்தேன் என்று சொன்னேன். நான் சொன்னதை அவள் நம்ப வேண்டும் என்று ஒன்றும் இல்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று லீமா சொன்னார்கள், கிளம்பினேன். தெரு முனை வரைக்கும் வந்து திரும்பிப் பார்த்தேன். அவள் வெளியே வந்து, கீழே கிடந்த துணியை எடுத்து உதறிக்கொண்டிருந்தாள். நான் பார்ப்பதைக் கண்டதும் மறுபடியும் உள்ளே போய்விட்டாள்.

உன் கையை அவளே பிடிக்கட்டும். நான் அதில் குறுக்கே வரவில்லை. கல்யாணத்தன்று நான் வந்தால் அவள் வெளியே வருவாளா என்று கேட்டுச் சொல். வருவாள் என்றால், கோவிலில் நான் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் அவள் கண்ணில் படாமல் இருப்பேன் என்பதையும் எழுது. வர மாட்டாள் என்றால் நான் இங்கேயே இருந்துகொள்கிறேன்.

அப்பா